நெஞ்சுத் தழும்பை மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

கர்ப்பகால உணவு பற்றித் தங்கள் வாரமலரில் வெளிவந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் பிறவியிலேயே இருதயக் குறைபாடுள்ள பெண்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தங்கைக்கு நான்கு வயதில் இருதய சத்திரசிகிச்சை நடந்தது. "ஓட்டை அடைச்சாச்சு, இனிப் பயமில்லை" என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் எவருக்கும் ஒன்றும் தெரியாது. பெரியபிள்ளை ஆனபின் கிளினிக்குக்குப் போவதும் நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று, தழும்பு தெரியாதிருக்க, கழுத்துவரை மூடிய சட்டை ஒன்றை அம்மா தைப்பித்துக் கொடுத்தார். ஏழாம் மாதத்தில் அவளால் நீட்டி நிமிர்ந்து படுக்க முடியவில்லை. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே விடியும்வரை இருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மூச்சு வாங்குவது வழமைதானே என்றார் மாமியார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை. வைத்தியசாலையில் தழும்பைக் கண்டு, என்ன சத்திரசிகிச்சை என்று வைத்தியர் கேட்டபோது, அவள் கணவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். சிகிச்சை விவரங்களை எழுதி வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்ட் வீடு மாறும்போதே தொலைந்திருந்தது. தாயும் பிள்ளையும் தப்பியது நாங்கள் செய்த புண்ணியம்.

கர்ப்பத்தில் உடலிலுள்ள இரத்தத்தின் அளவு 40 முதல் 50 வீதம் வரை கூடுவதால், இருதயத்தின் வேலைப்பளு 28 முதல் 32 வாரங்களுக்குள் பெரிதும் ஏறிவிடுகிறது. பிரசவத்தின்போதும், கருப்பை சுருங்கி இரத்தம் உடலுக்குத் திரும்பும் அடுத்த சில நாட்களிலும் ஆபத்து மீண்டும் கூடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. சிறிய ஓட்டை காலத்தோடு அடைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் உயர்ந்திருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. வெளியே நோயின் அறிகுறி அதிகம் தெரியாதபோதும் தாயின் உயிருக்கே ஆபத்து என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது கர்ப்பம் தவிர்க்கப்பட வேண்டிய நான்காம் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. இருதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்து முதல் மூன்று மாதங்களில் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். அதற்குப் பயந்து தாங்களாகவே மருந்தை நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறைந்துவிடக்கூடும். ஆகவே இவற்றைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் கர்ப்பத்துக்கு முன்புதான்.

எனவே, மகளின் பழைய டயக்னோசிஸ் கார்ட்டையும் எக்கோ (இருதய ஸ்கேன்) அறிக்கைகளையும் அவளுடைய கையிலேயே கொடுத்துவிடுமாறு பெற்றோரை வேண்டிக்கொள்கிறேன். கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற பயம் எனக்கும் தெரிந்ததுதான். ஆயினும் மணமான கையோடு, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமாவது விடயத்தைச் சொல்லி, இருதய நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். சிசுவுக்கும் இருதயக் குறைபாடு வரும் வாய்ப்பு ஓரளவு கூடுதலாக இருப்பதால், 18 முதல் 22 வாரங்களுக்குள் சிசுவின் இருதயத்தையும் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள்.

இதைப் பற்றி இருதய நிபுணர் ஒருவரையும் மகப்பேற்று நிபுணர் ஒருவரையும் கொண்டு எளிய தமிழில் ஒரு தொடர் எழுதுவித்துத் தங்கள் பத்திரிகையில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.