பேர் விழுந்த கணக்கு

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

ஹிட்லர் காலத்து ஜேர்மன் இளைஞரைப் பற்றி நீ எழுதி அனுப்பிய அத்தியாயத்தை இரண்டு தரம் வாசித்தேன். நன்றாகப் பாடுபட்டிருக்கிறாய். ஆனால் ஒரு வரி அப்படியே நிற்கக் கூடாது. 1936 கடைசியில் நாஜிக் கட்சியின் ஹிட்லர் இளைஞர் இயக்கத்தில் சுமார் 54 இலட்சம் பேர் இருந்தார்கள், அதனால் ஜேர்மன் மக்கள் அதை விரும்பினார்கள் என்கிறாயே, அந்த வரி. நம் தோட்டத்துச் செக்ரோலை, அதாவது தொழிலாளர் வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் யார் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வந்தார்கள், யாருக்கு அரைநாள் கணக்கான அரைப்பேர், யாருக்கு முழுநாள் கணக்கான முழுப்பேர் என்பது தெரியும். யார் மனதோடு வந்தார்கள் என்பது அதில் இருக்காது.

முதலில் அந்தத் தொகையைப் பிரித்துப் பார். 1932 கடைசியில் ஏறத்தாழ ஒரு இலட்சம். அடுத்த வருடக் கடைசியில் 20 இலட்சத்துக்கு மேல். இடையில் நடந்தது என்ன? 1933 ஜூனில் அந்த இயக்கத்தின் தலைவர் பால்டூர் ஃபொன் ஷீராக் நாட்டின் இளைஞர் தலைவராக்கப்பட்டார். மற்றச் சங்கங்கள் கலைக்கப்பட்டன, அல்லது உள்ளே இழுக்கப்பட்டன. டிசெம்பரில் புரட்டஸ்தாந்து சபையின் இளைஞர் அமைப்புகளும் ஓர் ஒப்பந்தத்தால் கைமாறின. கத்தோலிக்கச் சங்கங்கள் மட்டும் ஹிட்லர் அரசு வத்திக்கானோடு செய்த உடன்படிக்கையின் நிழலில் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தன. மலையேறவும் கூடாரத்தில் படுக்கவும் ஆசைப்பட்ட பிள்ளைக்குத் திறந்திருந்தது ஒரே கதவு. அந்தக் கதவால் வந்தவனையும் ஹிட்லருக்காக வந்தவனையும் ஒன்றாக எண்ணாதே.

கட்டாயம் எப்போது வந்தது என்பதிலும் நீ தடுமாறியிருக்கிறாய். 1936 டிசெம்பர் 1 சட்டம் எல்லா இளைஞரும் இயக்கத்துக்குரியவர் என்றது. தண்டனையோடு கூடிய கட்டாயம் 1939 மார்ச் 25இல்தான். பத்து வயதாகும் வருடம் மார்ச் 15க்குள் பெற்றோர் பிள்ளையைப் பதிய வேண்டும். வேண்டுமென்றே பதியாவிட்டால் 150 மார்க் வரை அபராதம், அல்லது காவல். 1939க்குப் பிறகு சேர்ந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அங்கே வராமல் நின்றவர்களைத் தேடு. கொலோன் பக்கம் எடல்வைஸ் பூச்சின்னம் குத்திக்கொண்டு வார இறுதியில் சுற்றிய பையன்கள் இயக்கத்தின் ரோந்துக்காரர்களோடு அடிபட்டார்கள். 1944 நவம்பர் 10இல் அந்நகரின் ஏரன்ஃபெல்டில் தூக்கிலிடப்பட்ட 13 பேரில் பதின்ம வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

முந்திய காலத்து ‘விருப்பத்தையும்’ அப்படியே நம்பாதே. 90 வீதம் பிள்ளைகள் சேர்ந்த பாடசாலைக்குத்தான் இயக்கக் கொடியேற்றும் உரிமை. 1934 முதல் இரண்டு வருடம், சேர்ந்த சிறுவருக்குச் சனிக்கிழமை வகுப்பில்லை. சேராத பிள்ளை வகுப்பில் குந்தியிருக்க வேண்டும். அரச உத்தியோகத்தில் இருந்த தகப்பனுக்கு வேறு நெருக்கடி.

அதற்காகப் பிள்ளைகளின் சந்தோஷத்தைப் பொய்யென்று எழுதிவிடாதே. பத்து வயதுப் பையன் 60 மீற்றரை 12 செக்கனில் ஓடி, 2.75 மீற்றர் பாய்ந்து, பந்தை 25 மீற்றர் எறிந்து, நடைப்பயணமும் முடித்தால் அவன் இடுப்பில் ஒரு கத்தி தொங்கும். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய விஷயம்! ஹிட்லரை எதிர்த்த மாணவரின் வெள்ளை ரோசா குழுவில் இருந்ததற்காக 1943இல் கொல்லப்பட்ட ஹான்ஸ் ஷொல்கூட, தகப்பன் விரும்பாதபோதே ஆர்வமாய்ச் சேர்ந்தவர்தான்.

பெற்றோரின் முறைப்பாடுகள் வேறு மாதிரி. ஞாயிறு பூசை தவறுகிறது, அறுவடைக்கு ஆளில்லை, சீருடைக்குக் காசு, சப்பாத்து தேய்கிறது, பதினைந்து வயதுத் தலைவன் தகப்பனையும் வாத்தியாரையும் மதிப்பதில்லை. இவற்றையெல்லாம் நீ ‘எதிர்ப்பு’ என்று எழுதியது பிழை. சப்பாத்துக்காக முணுமுணுத்த தாயே அணிவகுப்பில் மகனைப் பார்த்துப் பூரித்திருக்கலாம். முணுமுணுப்பை முணுமுணுப்பென்றே எழுது.

சான்றுகளைப் பற்றி ஒன்று. ஜேர்மனியை விட்டு நாடுகடந்த சமூக ஜனநாயகக் கட்சியினர் 1934 முதல் பிராக் நகரில் வெளியிடத் தொடங்கிய அறிக்கைகள் ஆட்சி விழாதா என்று ஏங்கியவர்கள் தொகுத்தவை. சலிப்பு அவர்கள் கண்ணில் சீக்கிரம் படும். அவர்களே, இளைஞர்கள் ஹிட்லர் ஆட்சியின் பக்கம் நிற்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளும் இடத்துக்கு அதிக எடை கொடு. நாஜிகளின் எஸ்.எஸ். படையின் உளவுப் பிரிவு தந்த அறிக்கைகளில் மக்கள் வாயை அளந்து பேசியதை நினைவில் வை. பின்னாளில் எழுதப்பட்ட நினைவுகளில் பிறந்த வருடத்தை முதலில் பார்: 1920இல் பிறந்தவர் தானாகத் தெரிவுசெய்து சேர்ந்திருக்கலாம், 1929இல் பிறந்தவருக்குத் தெரிவே இல்லை.

ஆகவே உன் அட்டவணையைப் பிறந்த வருடப்படி மாற்றிப் போடு. ஆண் பெண் தனித்தனியாக வரட்டும். அதை முடித்த பிறகு அந்த வரியைத் திருத்தி எழுதி அனுப்பு, வாசிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா