முலு வௌவால் குகையில் எங்களுக்குத் துணை நின்றவருக்கு

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்ற குனுங் முலு தேசியப் பூங்காவின் மான் குகையில் எங்கள் தோழிக்கு உதவிய, பெயர் அறியாத பூங்கா ஊழியருக்கு இந்த நன்றி.

இலட்சக்கணக்கான வௌவால்கள் தங்கும் அக்குகையில் எச்சம் மேடுமேடாகக் குவிந்திருப்பதால், அதிலிருந்து எழும் அம்மோனியா நெடி ஆஸ்துமா உள்ள அவளுக்குக் கடும் இளைப்பைத் தந்துவிட்டது.

ஐயா, பணி முடிந்து வெளியேறிக்கொண்டிருந்த நீங்கள், யாரும் அழைக்காமலேயே அவள் மூச்சிரைப்பைக் கேட்டு நின்றீர்கள். அவளைப் பேசவைத்துக் களைப்பாக்காமல், அவள் சுட்டிய பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து, காற்றோட்டமான வெளிப்புறத்துக்கு மெல்ல அழைத்துச் சென்றீர்கள். வௌவால்கள் பூச்சி வேட்டைக்காகக் கரும்புகைபோல நெளிந்து வெளியேறிய அந்திநேரத்தில், அவள் உட்கார்ந்தபடியே அதைக் காணும் வகையில் ஓர் இடத்தையும் தேடித் தந்தீர்கள். நோயாளி என்று ஒதுக்காமல், அவள் எதைக் காண அத்தனை தூரம் வந்தாள் என்பதையும் நினைத்த அந்தக் கனிவை என்னால் மறக்க இயலாது.

பிறகு, இருளில் சுமார் 3 கிலோமீட்டர் நீளும் மரப்பலகைப் பாதை முழுவதும் உங்கள் தலைவிளக்கை அவளுக்கு அணிவித்து, அவள் நின்றபோதெல்லாம் நீங்களும் நின்று, அவள் நடைக்கேற்ப நடந்து வந்தீர்கள். நாங்கள் நீட்டிய பணத்தையும் மறுத்துவிட்டீர்கள்.

முலுவுக்குச் செல்லும் தமிழ் நண்பர்கள் எவரேனும் இதை அவரிடம் சேர்ப்பித்தால், தோழி நலமாக இருக்கிறாள் என்பதையும் சொல்லுங்கள்.