பெடியன் சோம்பேறி இல்லை, மச்சான்

ரொறன்ரோ, ஜனவரி

அன்பு மச்சான்,

உன்ர கடிதம் நத்தாருக்கு முன்னமே வந்திட்டுது. பதில் போடாமல் இவ்வளவு நாள் இழுத்தது என்ர பிழை, மன்னிச்சுக்கொள். இங்க எல்லாரும் சுகம். அக்காவின்ர முழங்கால் நோ குறைஞ்சிருக்கு எண்டு எழுதியிருந்தாய், சந்தோசம். கோடாலி மாமாவைக் கண்டால் நான் சுகம் கேட்டதாய்ச் சொல்லு. அந்த வேப்பமரக் கதையை மட்டும் திரும்ப எடுக்கவேண்டாம் எண்டும் சொல்லு.

இனி விசயம். "கோடையில நாளுக்கு மூண்டு மரம் வெட்டினவன், இப்ப ஒண்டோட வீட்டுக்கு வாறானாம், பெடியன் பழுதாப் போறானோ" எண்டு கேட்டிருக்கிறாய். மார்கழிப் பனிக்கே மப்ளர் சுத்திக்கொண்டு திண்ணையில குந்தியிருக்கிற நீ இதைக் கேக்கலாமோ? இங்க இந்தக் குளிரில மரம் வெட்டுற உன்ர மருமகன் சோம்பேறி இல்லை. அவன்ர நாள் எங்க போகுது எண்டு எழுதுறன், அக்காவுக்கும் வாசிச்சுக் காட்டு.

முதல்ல வெளிச்சம். டிசம்பர் 21 அளவில இங்க சூரியன் 7.48க்கு எழும்பி 4.43க்குப் படுத்திடும். ஒன்பது மணித்தியாலம் முழுசாய் இல்லை. ஜூனில பதினஞ்சுக்கு மேல. இருக்கிற ஒன்பதிலயும் காலமை முக்கால் மணித்தியாலம் மரத்துக்குக் கிட்டவே போக ஏலாது. பக்கெற் ட்ரக் எண்டால் ஆளை வாளியில வைச்சு மரத்துக்கு மேல தூக்குற வண்டி, எஞ்சின் ஸ்ராட் ஆன உடன அந்த வாளியைத் தூக்கக் கூடாது. வாளியைத் தூக்குற ஹைட்ரோலிக் எண்ணெய் குளிரில தேன் மாதிரித் தடிச்சுக் கிடக்கும். அந்த எண்ணெய் பம்புக்குள்ள நேரத்துக்கு வந்து சேராட்டில் பம்ப் உள்ளுக்குள்ளயே அரிபட்டுப் போகும். 15, 20 நிமிசம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஆள் இல்லாத வாளியை மெல்ல ஏத்தி இறக்கி எண்ணெயைச் சூடாக்க வேணும். ட்ரக்கைத் தாங்குற கால்களுக்குக் கீழ இருக்கிற பனியை நிலம் தெரியுமட்டும் வழிச்சு, பலகை வைக்க வேணும். ஐஸில கால் வழுக்கினால் மேல நிக்கிறவன்ர கதை முடிஞ்சுது.

கிளை அரைக்கிற சிப்பர் மெசினில இன்னொரு வில்லங்கம். முதல்நாள் ஈரத் தூள் உள்ளுக்குள்ள மிஞ்சியிருந்தால், இரவோட இரவாய் உருளையைப் பிடிச்சு இறுக்கிப்போடும். அது தெரியாமல் கிளச்சைப் போட்டால் பெல்ற் எரியும். எஞ்சினை நிப்பாட்டி, சாவியைக் கழட்டிச் சட்டைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு, உருளை சுத்துதோ எண்டு முதல்ல பார்க்க வேணும். ட்ரக்கில தூள் ஏத்தின பெட்டியும் அப்பிடித்தான். நிறைஞ்ச பெட்டியை இரவு முழுக்க விட்டால் தூள் ஒரே கட்டியாய் உறைஞ்சுபோகும். அடுத்தநாள் கொட்டுறதுக்குப் பெட்டியைத் தூக்கினால் கட்டி வழுக்காமல் மேலயே ஒட்டிக்கொண்டு நிக்கும், பாரம் முழுக்க உச்சியில. அந்த நேரம் நிலம் கொஞ்சம் சரிஞ்சிருந்தாலும் ட்ரக் பக்கவாட்டில விழுந்திடும். அதாலதான் வேலை முடிய முன்னமே, வெளிச்சம் இருக்கேக்கையே, கொட்டுறதுக்குப் போகினம். அதுக்கும் ஒரு மணித்தியாலம்.

செயின் சோவுக்கு, அதுதான் சங்கிலி வாளுக்கு, வாறன். சங்கிலிக்குப் போற எண்ணெய் குளிரில ஒழுங்காய் ஓடாது, குளிர்கால எண்ணெய் வேற வாங்க வேணும். அது ஓடுதோ எண்டு பாக்க, வெட்டத் தொடங்க முன்னம் சங்கிலி சுத்துற பார் எண்ட தகட்டின்ர நுனியை வெள்ளைப் பனிக்கு மேல கிட்டப் பிடிச்சு எஞ்சினை முடுக்கு. மெல்லிய எண்ணெய்க் கோடு ஒண்டு பனியில விழ வேணும். விழாட்டில் பாரும் சங்கிலியும் காய்ஞ்சு தேயுது. கனக்க வாள்களில, பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றர் பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும். வெப்பம் 10 பாகைக்குக் கீழ போனால் அதைக் குளிர்காலப் பக்கம் மாத்த வேணும். அப்பத்தான் எஞ்சின்ர சூட்டுக் காத்து காபரேற்றருக்குப் போய், உள்ளுக்குள்ள ஐஸ் பிடிக்காது. வசந்தத்தில திருப்பி மாத்த மறந்தால் எஞ்சின் வெந்துபோகும். பெற்றோல் ஊத்தேக்கை மூடியைச் சுத்திக் கிடக்கிற பனியைத் துடைக்க வேணும். உள்ள விழுந்தால் தண்ணியாகி, ஃபில்டரில உறைஞ்சு, நடு வெட்டில வாள் நிண்டிடும். பற்றரி வாள் வைச்சிருக்கிறவைக்கு வேற கவலை. பற்றரியை ட்ரக்கின்ர கபினுக்குள்ள வைச்சிருக்க வேணும், பூச்சியத்துக்குக் கீழ சார்ஜ் போடவே கூடாது.

உறைஞ்ச மரம் பச்சை மரம் இல்லை, மச்சான். நாருக்குள்ள இருக்கிற தண்ணி ஐஸாய்க் கிடக்கு. வாள் கெதியா மழுங்கும், அரம் பிடிக்க அடிக்கடி நிக்க வேணும். கெதியா வெட்டவேணும் எண்டு சங்கிலிப் பல்லுக்கு முன்னால இருக்கிற மேட்டை அளவுக்கு மிஞ்சி அராவினால் பல்லு மரத்தைக் கடிச்சு இழுத்து வாள் துள்ளும். அந்த மேடு பல்லைவிட வழக்கமான 0.65 மில்லிமீற்றர் பதிவாய் இருக்க விடுறதுதான் புத்தி. வேலை முடிய சங்கிலியைத் தளர்த்தி வைக்க வேணும். சூட்டில நீண்ட சங்கிலி குளிரில சுருங்கி, அச்சையும் பெயாரிங்கையும் இழுத்துக் கெடுத்திடும்.

என்னை உண்மையிலயே பயப்பிடுத்துறது மரம் விழுற விதம். மரம் சாயேக்கை, வெட்டாமல் விட்ட ஒரு கீல்தான் அதைப் பிடிச்சு வழிகாட்டுது, அடிமரக் குறுக்களவில பத்தில ஒரு பங்கு தடிப்பு. வெயிலில அந்தக் கீல் வளைஞ்சு வளைஞ்சு மரத்தைக் கொண்டுபோய் இறக்கும். மைனஸ் 15இல வளையாது, பாதி வழியில முறியும். அதுக்குப் பிறகு மரம் தன்ர விருப்பத்துக்குப் போகும். இங்க கிடக்கிற ஆஷ் மரங்களை நினை. எமரால்ட் ஆஷ் போரர் எண்ட பச்சை வண்டு 2007இல ரொறன்ரோவுக்குள்ள காணப்பட்டது, பிறகு ஆஷ் மரங்கள் லட்சக்கணக்கில செத்துது. செத்த ஆஷ் கோடையிலயே பிஸ்கற் மாதிரி உடையும். குளிரில அதை ஏறி வெட்டுறது எனக்கு விருப்பமே இல்லை. வாளியில நிண்டு, சின்னச் சின்னத் துண்டாய்க் கழட்ட வேணும். மெதுவாய்த்தான் ஏலும்.

ஏறுறவன்ர பாடும் அப்பிடித்தான். ஈரக் கயிறு உறைஞ்சால் கம்பி மாதிரி நிக்கும், அதில போடுற முடிச்சு ஒண்டில் வழுக்கும், ஒண்டில் இறுகி நகராது. கயிறைக் கொழுவுற காராபினர் வளையத்தின்ர வாய் ஐஸ் பிடிச்சு முழுசாய் மூடாது, ஒவ்வொரு தரமும் கண்ணால பார்த்து, கையால அமத்திப் பாக்க வேணும். எங்கட பனையேறியள் தளநார் போட்டுப் பிடிக்கிற மாதிரி, இங்க வெட்டி விழுத்துற மரத்தில ஏற ஸ்பர் எண்டு காலில ஊசி கட்டுவினம். உறைஞ்ச மரத்தில அந்த ஊசி இறங்காமல் கழண்டு வரும். கயிறுகளை இரவு வீட்டுக்குள்ள கொண்டுவந்து காயவிடாட்டில் அடுத்தநாளும் இதே கூத்து.

மைனஸ் 20இல 30 கிலோமீற்றர் காத்து அடிச்சால் உடம்புக்கு மைனஸ் 33. திறந்து கிடக்கிற தோல் 10 முதல் 30 நிமிசத்துக்குள்ள உறையலாம். ஏறுறவன் வேர்ப்பான், பிறகு கிளையில இருந்து கயிறு கட்டேக்கை அந்த வேர்வை குளிராய்த் திரும்பும். பருத்தி பெனியன் கூடாது, கம்பளி வேணும். மூண்டு சோடி கையுறை வேணும், ஒண்டு நனைய மற்றது. குளிரும் வாளின்ர அதிர்வும் சேர்ந்தால் விரல் நுனி வெளுத்து உணர்வு போகும். வருசக்கணக்கில விட்டால் அது திரும்பி வராமலும் போகலாம். விரல் வெளுத்திருக்கக் கண்டால் உடன சொல்லவேணும் எண்டு அவனிட்டச் சொல்லு.

அப்ப ஏன் குளிரில வெட்டுறது எண்டு கேப்பாய். ஓக் மரத்துக்கு இதுதான் காலம். ஓக் வில்ற் எண்ட பூஞ்சை நோய் 2023இல ஒன்ராறியோவில உறுதியாச்சு. சூடான மாதங்களில வெட்டுக்காயத்துக்கு வண்டு வந்து நோயைப் பரப்பும், இப்ப வண்டு இல்லை. நிலமும் இறுகிக் கிடக்கு, பாரமான மெசின் புல்லுத்தரையைக் கிழிக்காது.

எனக்குக் கோவம் ஒண்டில. சில முதலாளிமார் கோடை நேரத்தைக் கணக்குப் போட்டு வீட்டுக்காரருக்கு விலை சொல்லிப்போட்டு, ஜனவரியில பெடியங்களை "கெதியா, கெதியா" எண்டு துரத்துகினம். மேல சொன்ன முக்கால் மணித்தியாலத்தையும் கயிறு பாக்கிறதையும்தான் அப்ப முதல்ல வெட்டுவினம். உன்ர மருமகன்ர முதலாளி எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. அவன் "நேரம் காணாது" எண்டு சொன்னால், நீயும் அக்காவும் அவன்ர பக்கம் நில்லுங்கோ.

ஞாயிறு அவன் போன் எடுக்கேக்கை எத்தினை மரம் எண்டு கேக்காதை. கயிறு காய்ஞ்சுதோ, பெட்டியைக் கொட்டினியோ எண்டு கேள். ஒடியல் மா அனுப்புறன் எண்டு எழுதியிருந்தாய், பங்குனிக்கு முன்னம் வந்தால் நல்லது.

உன்ர,
மச்சான்