மான்கறியும் கெட்டி மோரும்

மேடிசன், விஸ்கான்சின், அமெரிக்கா

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதை ஒரு பக்கம் எழுதிவிட்டு, மொட்டைத்தலைப் படம் ஒன்றைக்கூட வைக்காமல் விட்டுவிட்டாயே!

மான்கறி எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் இதை உரக்கக் கேட்கக் கூடாது, தெரியுமல்லவா? இங்கே நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி உண்டு. வேட்டைக்கறியை விற்கக் கூடாது. ஆகவே அக்கம்பக்கத்துக்குப் பங்கு வரும். எதிர்வீட்டுப் பெரியவர் பின்தொடைக்கறி இரண்டு கிலோ கொடுத்தார். 2002 முதல் இங்குள்ள மான்களிடம் மூளையை அரிக்கும் நோய் ஒன்று காணப்படுகிறது. அதனால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகுதான் பங்கு பிரித்தாராம்.

முதல் அரைக்கிலோவை நான் பாழாக்கினேன். ஆட்டுக்கறிதானே என்று அப்படியே குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, என் மனைவி எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். அவ்வளவு வீச்சம்! பட்டை, கிராம்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டியும் அது அடங்கவில்லை. சற்று ஆறியதும் கொழுப்பு மெழுகுபோல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பெரியவரிடம் சொன்னேன். "கொழுப்பை ஏன் விட்டுவைத்தாய்?" என்று சிரித்தார். கறிக்கடையில் கொஞ்சம் கொழுப்பு சேர்த்துப் போடுங்கள் என்று கெஞ்சி வாங்கிய வம்சம் நாம். நமக்கு எப்படித் தெரியும்? ஆட்டில் ருசி இருக்கும் இடத்தில் மானில் வீச்சம் இருக்கிறது.

அடுத்த அரைக்கிலோவுக்கு ஒரு மணி நேரம் கத்தியோடு உட்கார்ந்தேன். வெள்ளைக் கொழுப்பை ஒரு துணுக்கு விடாமல் சீவினேன். அதன் அடியில் வெள்ளித் தகடுபோல மினுங்கும் சவ்வின் ஓரத்தில் கத்தி முனையை நுழைத்து உரித்தால், மீன்தோல்போல நீளமாக வருகிறது. பிறகு கெட்டி மோரில் ஓர் இரவு ஊறல், குளிர்பெட்டிக்குள். காலையில் மோர் இளஞ்சிவப்பாகியிருந்தது. அதைக் கொட்டிவிட்டு, கறியைத் துணியால் ஒற்றியெடுத்தேன்.

கொழுப்பில்லாத கறி சட்டென்று வறண்டு நார்நாராகிவிடும். எனவே நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு மட்டும் சேர்த்து, மூடிபோட்ட இரும்புச் சட்டியில் இளந்தீயில் இரண்டு மணி நேரம் வைத்தேன். தக்காளிகூடப் போடவில்லை. அன்று ஜன்னல் திறக்கப்படவில்லை; என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பெரியவர் வீட்டில் முதுகுக்கறியை வெண்ணெயில் ஒரு புரட்டு புரட்டி, உள்ளே சிவந்திருக்கும்போதே தின்கிறார்கள். எனக்குத் துணிவு வரவில்லை.

மீதி ஒரு கிலோ ஃப்ரீசரில் கிடக்கிறது. உன் அம்மா போடும் உப்புக்கண்டம் நினைவிருக்கிறதா? ஒரு கிலோவுக்கு உப்பும் மஞ்சளும் எவ்வளவு என்று அவரிடம் கேட்டு எழுது. இந்தப் பனியில் எங்கே காயவைப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மூர்த்தி