ஹில்ஸ் முதலாளியும் போலின் பப்பும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பெரியவளுக்கு இடம் அமைந்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளை ரயில்வே என்கிறாய். அயனாவரத்துக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? தங்கச்சி கொடுத்தனுப்பிய தைலம் நன்றாகவே வேலை செய்கிறது என்று சொல்லிவிடு. இப்போது மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் முழங்கால் மக்கர் பண்ணுகிறது.

நல்ல சேதியெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு குத்தும் வைத்திருக்கிறாய். "பீர் கடைக்கு என்னடா வரலாறு? ரிட்டயர் ஆனதும் இந்தப் பழக்கம் வேறயா?" அக்டோபர் 2 வந்தால் கதர்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ளும் சரித்திர வாத்தியார் வேறெப்படிக் கேட்பார்! பழக்கமெல்லாம் ஒன்றுமில்லை, அங்கே போனாலும் எனக்கு ஆரஞ்சு ஜூஸ்தான். ஆனால் வரலாறு இருக்கிறது. அதில் உன் காந்தியே வருகிறார். பொறுமையாகப் படி.

எங்கள் வீட்டிலிருந்து பார்க்கிங் (Barking) ரோட்டில் மேற்கே நடந்தால் கிரீன் ஸ்ட்ரீட் வந்து சேரும் முனையில் போலின் டேவர்ன் என்று ஒரு பப். 1900 வாக்கில் கட்டியது. அதற்குப் பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில், வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்துக் கிளப்பின் மைதானம் 1904 முதல் 2016 வரை இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் எனக்கும் ஒத்துவராது என்பதால், நூலகத்தில் பழைய வரைபடங்களைப் பார்ப்பதும், இந்த வட்டாரத்தைக் கால்நடையாகச் சுற்றுவதுமாக இருக்கிறேன். அப்படிச் சேர்த்ததுதான் இதெல்லாம்.

கிளப்பின் கதை தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் கம்பெனியில் தொடங்குகிறது. பிரிட்டனின் முதல் இரும்புக் கவசப் போர்க்கப்பலான வாரியரை 1860இல் நீரில் இறக்கியவர்கள். அந்தக் கம்பெனியின் முதலாளி ஆர்னால்ட் ஹில்ஸ் ஒரு விசித்திரமான ஆள். ஹாரோ, ஆக்ஸ்ஃபோர்ட் என்று பெரிய இடத்துப் படிப்பு. மைல் ஓட்டத்தில் சாம்பியன், 1879இல் இங்கிலாந்து அணிக்கே ஒரு கால்பந்து மேட்ச் ஆடியவர். கம்பெனிப் பொறுப்பு கைக்கு வந்ததும் பங்களாவில் போய் உட்காரவில்லை. தொழிலாளர்கள் இருந்த கேனிங் டவுனில், புகைக்கும் சாக்கடைக்கும் நடுவே, ஐந்து வருஷம் குடியிருந்தார். சொட்டு மது தொடமாட்டார். மாமிசமும் கிடையாது. லண்டன் வெஜிடேரியன் சொசைட்டிக்குத் தலைவரே அவர்தான், அது நடந்ததும் பெரும்பாலும் அவர் பணத்தில்தான்.

இப்போது உனக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், அதே ஹில்ஸ்தான். காந்தி சுயசரிதையில், தன் கூச்சத்தைப் பற்றி எழுதும் அத்தியாயத்தில் வருகிறவர். கருத்தடையை ஆதரித்தார் என்பதற்காக டாக்டர் அல்லின்சனைச் சொசைட்டியிலிருந்து நீக்க வேண்டும் என்று ஹில்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். கருத்தடை விஷயத்தில் காந்திக்கும் ஹில்ஸ் பக்கம்தான் மனசு. ஆனால் மரக்கறிச் சங்கத்தில் இருப்பதற்கு மரக்கறி சாப்பிட்டால் போதும், மற்ற ஒழுக்கங்களை வைத்து ஆளை வெளியேற்றக் கூடாது என்று எழுதி எடுத்துக்கொண்டு போனார். படிக்க எழுந்தால் நா எழவில்லை. வேறொருவர்தான் படித்தார். தீர்மானம் ஹில்ஸ் பக்கமே ஜெயித்தது. பள்ளியில் இந்தப் பகுதியை எத்தனை முறை நடத்தியிருப்பாய்! அந்தக் கூட்டத்தில் தலைமை நாற்காலியில் இருந்தவர் நாலு வருஷம் கழித்து ஒரு கால்பந்து கிளப்பை ஆரம்பித்தார் என்பது எனக்கு இந்த ஊரில் இத்தனை காலம் இருந்தும் தெரியாது.

1895இல் கம்பெனிப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. யோசனை டேவ் டெய்லர் என்ற ஃபோர்மேனுடையது, அவர் ரெஃப்ரியும்கூட. அதற்குச் சில வருஷம் முன்புதான் யார்டில் பெரிய ஸ்டிரைக்குகள் நடந்து ஓய்ந்திருந்தன. லாபத்தில் பங்கு, எட்டு மணி நேர வேலை, பேண்டு வாத்தியம், கிரிக்கெட், கால்பந்து என்று ஹில்ஸ் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் அப்பா இருந்தால் மீசையைத் தடவிக்கொண்டு, "கூலிக்குப் பதிலா பந்தா?" என்று கேட்டிருப்பார். எனக்கு அவ்வளவு கடுமையாகச் சொல்ல வரவில்லை. கணக்குப் பார்த்துச் செய்கிறவன் தொழிலாளியோடு சேரியில் குடியிருக்க மாட்டான்.

முதல் மைதானம் ஹெர்மிட் ரோட்டில். அங்கே ஒரு கூத்து நடந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே கம்பங்களில் மின்விளக்கைக் கட்டி ராத்திரி மேட்ச் நடத்தியிருக்கிறார்கள்! விளக்கு மங்கல், பந்து கண்ணுக்குத் தெரியவில்லை; அதனால் பந்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்து ஆடினார்களாம். ஹெடர் அடித்தவன் தலை என்ன கதியாகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

அடுத்த வருஷமே அந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். 1897இல் கொஞ்ச காலம் ஆடிய இடம் ஈஸ்ட் ஹாம் பிரவுனிங் ரோடு. நம் லண்டன் ஸ்ரீ முருகன் கோயில் ராஜகோபுரம் நிற்கிறதே, அந்த பிரவுனிங் ரோடுதான். போன கிருத்திகைக்குப் போனபோது பிரசாத வரிசையில் இதைச் சொன்னேன். முன்னால் நின்ற பையன் வெஸ்ட் ஹாம் பனியன் போட்டிருந்தான். "நிஜமாவா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டான்.

விக்டோரியா ராணியின் வைர விழாவுக்கு, அதே 1897 ஜூனில், ஹில்ஸ் தன் காசில் மெமோரியல் கிரவுண்ட்ஸ் என்று பெரிய மைதானமே கட்டிக் கொடுத்தார். சைக்கிள் ஓட்டப் பாதை, நீச்சல் குளம் எல்லாம் உண்டு. கூட்டம்தான் வரவில்லை. அதற்குள் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். வேலை முடிந்து வந்து வியர்வைக்காக விளையாடும் தொழிலாளி என்ற ஹில்ஸின் கனவு அங்கேயே கலைந்தது. 1900இல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் கிளப்பை மூடி, வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்று புதிதாகத் தொடங்கினார்கள். 1904இல் போலின் முனைக்கு வந்தார்கள். முதல் மேட்ச் மில்வாலோடு, 3-0 ஜெயம். இன்றுவரை அந்த இரண்டு கிளப்புக்கும் ஆகாது.

மது வாடையே ஆகாத மனிதர் பெற்ற பிள்ளை, நேரே ஒரு பப்பின் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. இதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன்.

போலின் என்ற பெயர் ஆன் போலினால் வந்தது. எட்டாம் ஹென்றி தலையை வெட்டினானே, அந்த ராணி. கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய மாளிகையும் அதற்கொரு கோபுரமும் இருந்தன. ராணி அங்கே தங்கினாள், மாடத்திலிருந்து தேம்ஸைப் பார்த்தாள் என்று ஊரில் கதை. ஆதாரம் ஒன்றும் கிடையாது. மன்னன் தங்கிய மண்டபம் என்று நம்மூரில் பாதி மண்டபத்துக்குக் கதை இருக்கிறதே, அந்த ரகம். ஆனாலும் மைதானத்துக்கும் பப்புக்கும் பெயர் அதிலிருந்துதான் வந்தது. பின்னால் கிளப் சின்னத்திலும் கோட்டையாக ஏறிக்கொண்டது. மாளிகையை 1955இல் இடித்தார்கள். நம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்த அதே வருஷம்.

இனி பப். டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதே. உள்ளே நுழைந்தால் நீளமான மரக் கவுண்டர், அதைச் சுற்றிப் பூவேலை செய்த கண்ணாடித் தடுப்புகள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தடுப்புக்கும் தெருவிலிருந்து தனித்தனி வாசல். துறைமுகக் கூலிக்கு ஒன்று, கிளார்க்குக்கு ஒன்று, குடும்பத்தோடு வருகிறவருக்கு ஒன்று. டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட் மாதிரி. ஒரே பீப்பாயிலிருந்துதான் எல்லோருக்கும் ஊற்றுவார்கள், ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேட்ச் கூட்டத்துக்குத் தோதாக இருக்கட்டும் என்று பின்னாளில் தடுப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். புதிதாக வாங்கியவர்கள் பழைய மாதிரியே திரும்பச் செய்து வைத்து, 2021இல் திறந்தார்கள். பின்கட்டில் பில்லியர்ட்ஸ் ஆடிய கூடத்தில், கூரை நடுவே ஒரு பெரிய வண்ணக் கண்ணாடி. மத்தியான வெயில் இருந்தால் மேஜைமேல் பச்சையும் மஞ்சளுமாக விழும். நான் போவது அதற்காகத்தான். ஜூஸ் கிளாஸில் பச்சை விழுந்தது ஒரு நாள். பார்க்க நன்றாக இருந்தது, குடிக்கத்தான் மனம் வரவில்லை.

மதுவும் இந்தக் கிளப்பும் என்று பேசினால் சிட் கிங்கை விட முடியாது. ஆட்டக்காரராக வந்து, பிறகு முப்பது வருஷம் கிளப்பை நடத்தியவர். 1923இல் வெம்ப்ளியின் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்கு அணியைக் கொண்டுபோனார். லட்சத்துக்கு மேல் கூட்டம் மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட, வெள்ளைக் குதிரைப் போலீஸ்காரர் விலக்கிய பிறகுதான் ஆட்டமே தொடங்கியது. தோற்றது வேறு கதை. 1932இல் அணி சறுக்கிக்கொண்டிருந்த நேரம், குடித்துவிட்டு வந்து இயக்குநர்களோடு தகராறு செய்தார் என்று விலக்கி வைத்தார்கள். சில மாதங்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹில்ஸ் 1927லேயே போய்விட்டார். கப்பல் கம்பெனியையும் 1912லேயே மூடியாயிற்று. அதன் நினைவுக்கு கேனிங் டவுன் ரயில் நிலையத்தில் எழுத்துச் செதுக்கிய ஒரு சுவர் இருக்கிறது. அவசரத்தில் ஓடுகிற யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் இனிப்பான கதை என்று நினைத்துவிடாதே. எழுபது, எண்பதுகளில் மேட்ச் நாள் என்றால் இங்கே நம் நிறத்துக்காரர்களுக்குத் திகில். மைதான வாசலிலேயே இனவெறிக் கட்சிக்காரர்கள் பத்திரிகை விற்பார்கள். 1980இல் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில், இன்று நாம் தோசையும் நகையும் வாங்குகிற அதே தெருவில், ஒரு பாகிஸ்தானி இளைஞரைப் பட்டப்பகலில் குத்திக் கொன்றார்கள். "சனிக்கிழமை மூன்று மணிக்கு முன்னாலேயே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவோம் தம்பி" என்று பழைய கடைக்காரர் ஒருவர் சொன்னார். அவர் இன்னமும் அந்தப் பப்புக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அதே கிளப்தான் 1972 ஏப்ரலில் கிளைட் பெஸ்ட், கிளைவ் சார்ல்ஸ், ஆடே கோக்கர் என்று மூன்று கறுப்பு ஆட்டக்காரர்களை ஒரே மேட்சில் இறக்கியது. இங்கிலாந்தின் மேல்மட்டத்தில் அதுவரை யாரும் செய்யாதது. இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

2016 மே 10, போலின் மைதானத்தில் கடைசி மேட்ச், மான்செஸ்டர் யுனைடெட்டோடு. அன்று சாயங்காலம் கிரீன் ஸ்ட்ரீட் முழுக்கத் தலைகள். எதிரணி பஸ்மேல் பாட்டில் வீசியதில் ஆட்டம் தொடங்கவே தாமதமாயிற்று. முடிவில் 3-2 ஜெயம். அதன்பின் மூன்று மைல் தள்ளி ஒலிம்பிக் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். சின்னத்தில் இருந்த கோட்டையையும் எடுத்துவிட்டு "லண்டன்" என்று போட்டுக்கொண்டார்கள். மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். புது இடத்தில் வசதிக்குக் குறைவில்லை, ஆனால் ஓட்டப் பாதைக்காகக் கட்டிய அரங்கம் ஆயிற்றே, கோல் போஸ்ட் எங்கேயோ இருக்கிறது. போயிருக்கவே கூடாது என்பதுதான் என் கட்சி. மகன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஆனால் ஒன்று பார். 2023இல் பிராகில் ஃபியோரென்டினாவை 2-1 என்று ஜெயித்து கான்ஃபரன்ஸ் லீக் என்ற ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். 1980க்குப் பிறகு 43 வருஷம் கழித்து முதல் பெரிய கோப்பை. திறந்த பஸ் ஊர்வலத்தை எங்கிருந்து கிளப்பினார்கள் தெரியுமா? புது அரங்கத்திலிருந்து இல்லை. பார்க்கிங் ரோடு முனையில், பப்புக்கு எதிரே, 1966 உலகக் கோப்பையோடு இங்கிலாந்து கேப்டன் பாபி மூரைத் தோளில் தூக்கி நிற்கும் சிலை இருக்கிறதே, அங்கிருந்து. கப்பல் யார்டு இல்லை, மாளிகை இல்லை, மைதானம் இல்லை. கூடுவதற்கு மிச்சம் இருந்தது அந்த முனையும் கடையும்தான். ஹில்ஸ் முதலாளி எங்கிருந்தாவது பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஐ.சி.எஃப். மைதானத்துக்கு வெளியே ஒரு டீக்கடை, பிராக்டிஸ் முடிந்து பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டபடி ஆட்டக்காரர்கள் வந்து உட்காருவார்களே, சுவரெல்லாம் டீம் போட்டோ மாட்டியிருக்குமே, அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் கடைக்காரரிடம் பேசி, எந்த வருஷம் ஆரம்பித்தது, போட்டோவில் யார் யார் என்று நோட்டில் எழுதி வை. போட்டோக்களைப் போனில் எடுத்து அனுப்பு. டீக்கடைக்கு என்ன வரலாறு என்று நீ கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

முகூர்த்தம் குறித்ததும் முதல் போன் எனக்கு வரவேண்டும். ஜனவரி என்றால் டிக்கெட் விலை இப்போதே எகிற ஆரம்பித்திருக்கும், சீக்கிரம் சொல். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ரவி