பள்ளி வரலாற்றுத் தொகுப்புக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்க முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் முனைந்தபோது, ஐயமின்றி எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு நாள்தான்: 1920 செப்டம்பர் 16. வறுமையால் பிள்ளைகளின் வருகை குறைவதைப் பிட்டி தியாகராயர் எடுத்துரைக்க, அவர் தலைமையிலான சென்னை மாநகராட்சி மன்றம், இப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க அன்று ஒப்புதல் அளித்தது. அத்திட்டம் பின்னர் வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பரவியது. ஆகவே, பள்ளியின் கதையை உணவின் வழியாகவே சொல்வதென்று முடிவு செய்தோம்.

இதனை நீதிக்கட்சி ஆட்சியின் திட்டம் என்று மேடைகளில் சொல்வது வழக்கம். ஆனால் நீதிக்கட்சி அமைச்சரவை பொறுப்பேற்றது அவ்வாண்டு டிசம்பரில்தான். தீர்மானமோ அதற்கு முன்பே மாநகராட்சி மன்றத்தில் நிறைவேறிவிட்டது. தேதிகளை ஒப்பிட்டு இதைத் தெளிவாக்கிய ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஐயா அவர்களுக்கும், நாங்கள் கேட்ட பழைய தொகுதிகளைச் சலிப்பின்றி எடுத்துத் தந்த எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம் ஆகியவற்றின் பணியாளர்களுக்கும் முதல் நன்றி உரியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை ஆங்கில அரசு ஏற்காததால் 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றுபோனதையும், பின்னர் ஏழை மாணவர்களுக்கென அது மீண்டும் தொடங்கியதையும் அவர்கள் துணையால்தான் முறையாக எழுத முடிந்தது.

எனினும், தாள்களில் கிடைத்தவை செலவும் தீர்மானமும் மட்டுமே. யார் சமைத்தார்கள், எங்கே அமர வைத்துப் பரிமாறினார்கள் என்பதற்கு அவற்றில் விடையில்லை. பிந்திய காலத்தைப் பொறுத்தவரையேனும் அக்குறையைத் தீர்த்தவர்கள், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பணியாற்றிய அமைப்பாளர்களும் சமையலர்களும் ஆயாம்மாக்களும்தான். அரிசி அளந்த படி, விறகடுப்பின் புகை, 1989-இல் முட்டை வந்தபோது வருகைப் பதிவேட்டுக்கும் முட்டைக் கணக்குக்கும் இடையே நேர்ந்த இழுபறி எல்லாவற்றையும் நேற்று நடந்ததுபோல் சொன்னார்கள். எங்கள் கணிப்பில், இத்தொகுப்பின் சிறந்த பக்கங்கள் அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதியவையே. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்வையிட அனுமதித்த தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கும், நைந்த தாள்களைக் கிழியாமல் படமெடுத்துத் தந்த கல்லூரி மாணவர்களுக்கும், அச்சுக்கூலியில் பாதியை ஏற்ற அச்சகத்தாருக்கும் கடமைப்பட்டுள்ளோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பழைய தீர்மானத்திலிருந்து ஒரு நாள் குறைய 102 ஆண்டுகள் என்று கணக்கிட்டுச் சொன்னவர் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவர். அவருக்குத் தனியே ஒரு நன்றி!

பழைய குழுப் படங்களையும் மாற்றுச் சான்றிதழ்களையும் நம்பி ஒப்படைத்தவர்கள், சனிக்கிழமை முற்பகலில் பள்ளி அலுவலகத்தில் கையொப்பமிட்டு அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். தொகுப்பின் ஒரு படியும் அப்போதே தரப்படும்.

நன்றியுடன்,
பள்ளி வரலாற்றுத் தொகுப்புக் குழுவினர்,
ஆயிரம் விளக்கு, சென்னை