மாரடைப்புக் கணக்கில் மறையும் மரணங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திடீர் மரணங்கள் பற்றிய உங்கள் கட்டுரை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் விரிவாக அலசியிருந்தது. ஆனால் டாக்டர்கள் 'அயோர்ட்டிக் டிசெக்‌ஷன்' என்று சொல்லும் மகாதமனிக் கிழிசலை (இதயத்திலிருந்து உடலெங்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயின் உட்சுவர் கிழிவது), அரிய நோய் என்று ஒரே வரியில் தாண்டிப் போனது வருத்தமாக இருந்தது. நாம் எண்ணத் தவறுவதால்தான் அது அவ்வளவு அரியதாகத் தெரிகிறது.

இந்த நோய் ஆண்டுக்கு லட்சம் பேரில் 3 பேருக்கு வருகிறது என்ற கணக்கு பெரும்பாலும் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து வருவது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 2002 முதல் 10 ஆண்டுகள் ஒரே மக்கள்தொகையைப் பின்தொடர்ந்து, மருத்துவமனைக்கு வந்து சேராமலே இறந்தவர்களையும் சேர்த்து எண்ணினார்கள். அப்போது லட்சத்துக்கு 6 வந்தது.

வித்தியாசம் எங்கே போகிறது? இதயத்தை ஒட்டிய பகுதியில் தமனியின் உட்சுவர் கிழிந்துவிட்டால், சிகிச்சை கிடைக்காதவர்களில் முதல் இரண்டு நாட்களுக்கு மணிக்கு 1 முதல் 2 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்பது டாக்டர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. வீட்டிலேயே உயிர் போய்விட்டால், பிரேதப் பரிசோதனை செய்தால்தான் உண்மை தெரியும். செய்யாவிட்டால் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். 1760இல் இறந்த பிரிட்டிஷ் மன்னர் இரண்டாம் ஜார்ஜின் தமனி கிழிந்திருந்தது தெரிந்ததே, உடலைத் திறந்து பார்த்ததால்தான்.

உயிரோடு வருபவர்களிடமும் குழப்பம் நேர்கிறது. எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போகும் நெஞ்சுவலி, முதுகுக்குப் பரவுவது, இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறுபடுவது எல்லாம் சந்தேகிக்க வேண்டிய அடையாளங்கள். சி.டி. ஸ்கேன் எடுக்காமல், மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் அதுவே ஆபத்தாகிவிடும்.

பாதிக்கப்படுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள்; பெரும்பாலும் அறுபதுகளில் இருப்பவர்கள். பெண்களுக்கு இன்னும் சற்று வயதான பிறகு வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருக்கிறது. மார்ஃபான் போன்ற பரம்பரைக் குறைபாடு இருந்தால் இளம் வயதிலேயே வரலாம்.

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது இந்தப் பரம்பரை விஷயம்தான். தமனி கிழிந்து இறந்தவரின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் எக்கோ எடுத்துப் பார்த்தால், தமனி விரிந்திருப்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கலாம், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் செய்யலாம். சான்றிதழில் மாரடைப்பு என்று இருந்தால், இந்தப் பரிசோதனையை யார் அவர்களுக்குச் சொல்வார்கள்? அடுத்த இதழிலாவது இதைப் பற்றி ஒரு இதயநோய் நிபுணரிடம் விரிவாகக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்